கதவுக்கு அந்தப் பக்கம்

ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். அதற்கு முன்பே எழுந்துவிடுகிறேன். பல் தேய்ப்பேன். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைப்பேன். அது பொங்குவதற்குள் சவரம். ரொட்டி இரண்டு துண்டு, நின்றுகொண்டே. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பேன். சட்டை, சாவி, அடையாள அட்டை. கதவைப் பூட்டி ஒரு முறை இழுத்துப் பார்ப்பேன்.

இந்த வாரம் அதில் ஒரு வேலை கூடியிருக்கிறது. பால் காயும்போது டிவியைப் போட்டு ஒரு எண்ணைப் பார்ப்பது. வியாழக்கிழமை காலை அது இருபத்தெட்டு மணி பதினொரு நிமிடம் என்று காட்டியது. பார்த்துக்கொண்டே நின்றேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

வெள்ளி காலை பத்து மணிக்கு அந்த வீடியோ ஆட்டத்தின் இரண்டாம் பாகம் திறக்கும். நான்கு வருடக் காத்திருப்பு. மூன்று முறை தள்ளிப்போட்டார்கள். இப்போது முழுவதும் டிவிக்குக் கீழே இருக்கும் கேம் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. எண் பூஜ்யத்துக்கு வர வேண்டியதுதான் பாக்கி.

கதை இதுதான். உலகம் அழிந்து நாற்பது வருடம். மண்ணுக்கடியில் பிழைத்துக் கிடப்பவர்களில் ஒருத்தி கையில் துப்பாக்கி எடுக்கிறாள். அவள் கண் வழியாகத்தான் நாம் பார்ப்போம். திரையில் தெரிவது அவள் கைகளும் துப்பாக்கி முனையும் மட்டும். முதல் பாகம் வெளியுலகத்துக்குப் போகும் ஒரு இரும்புக் கதவின் முன்னால் முடிந்தது. கை பிடியில் இருக்கும்போதே திரை இருண்டுவிட்டது. என் மனைவி தலையணையை டிவி மேல் வீசினாள்.

முதல் பாகத்தை மூன்று பேரும் சேர்ந்து ஆடினோம். நான், அவள், அவள் தம்பி. ஒரே கன்ட்ரோலர். செத்தால் அடுத்தவர் கைக்குக் கொடுத்துவிட வேண்டும். அழுகுணி ஆட்டம் கூடாது. இரண்டாம் பாகத்துக்கு இன்னொரு சட்டமும் போட்டாள்: டிரெய்லர் எதையும் யாரும் பார்க்கக் கூடாது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று பந்தயம் கட்டினோம். நான் பனி என்றேன். மச்சினன் கடல் என்றான். "நாலு வருஷம் காக்க வெச்சுட்டு இன்னொரு கதவைத்தான்டா காட்டுவானுங்க" என்றாள் அவள். தோற்பவர்கள் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும்.

எட்டு மாதம் முன்பு அவளுக்கு ஒரு கட்டியை எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷன் அன்றைக்கே புது ஆட்டத்தின் முதல் அரை மணி நேரத்தை டெமோவாக ஒரு நாளைக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்போது அவள் என் சட்டைக் கையைப் பிடித்து ஒன்று சொன்னாள். கதவு மூடியது. "ரெண்டு மணி நேரம் ஆகும், துணிமணி எடுத்துட்டு வந்துடுங்க" என்றார் நர்ஸ்.

வீட்டுக்குப் போனேன். துணி எடுத்தேன், சார்ஜர் எடுத்தேன். பிறகு டிவியைப் போட்டேன். ஆறு நிமிடம் ஆடினேன். கதவைத் திறந்தேன். அந்தப் பக்கம் ஒரு சமையலறை. மேசை மேல் இரண்டு தட்டு, அடுப்பில் ஆவி விடும் கெண்டி. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்து என்னைச் சுட்டான். செத்தேன். பழக்கத்தில் கன்ட்ரோலரை சோஃபாவில் அவள் உட்காரும் பக்கம் வைத்தேன். அப்போது போன் அடித்தது.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். யார் மேலும் தப்பில்லை என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மாமியார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, கடைசியா என்ன சொன்னா?"

"உங்களைப் பாத்துக்கச் சொன்னா அத்தை."

அந்த வாக்கியம் அன்றிலிருந்து குடும்பச் சொத்தாகிவிட்டது. துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அவர் அதைச் சொன்னார். மச்சினன் ஒரு தடவை, "என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா மாமா?" என்று கேட்டான். உன்னையும்தான் என்றேன். தாமதமாகச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

டெமோவைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் சட்டத்தை மீறாதவன். நாளை காலை வருகிறான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கதவை முதல் முறையாகப் பார்ப்பவன் போல இருக்க வேண்டும்.

வியாழன் முழுவதும் வேலை ஓடவில்லை. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதகன் நான். மணிக்கு ஒரு தடவை தொட்டிகளில் தண்ணீர் எடுத்து, மாத்திரை போட்டு, இளஞ்சிவப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக் குளோரின் அளவை எழுத வேண்டும். பதினோரு மணிக்கு பம்ப் ஆபரேட்டர் போன் செய்தார்.

"தம்பி, ரெண்டு தொட்டியும் ஒட்டிப் பிறந்த இரட்டையா?"

"ஏன் சார்?"

"ரெண்டுக்கும் புள்ளி வரைக்கும் ஒரே கணக்கு போட்டிருக்கே. ஒரே பாட்டிலை ரெண்டு தடவை பாத்துட்டியா?"

ஆமாம். கழுவி மறுபடி எடுத்தேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன்.

விடுமுறைக் கடிதத்தோடு மேலாளரிடம் போனேன். இதற்கு முன்பும் ஆட்டம் வெளியாகும் நாளுக்கு இதே போல விடுமுறை கேட்டு, தள்ளிப்போனதும் ரத்து செய்திருக்கிறேன். காரணம் எப்போதும் ஒன்றுதான்: குடும்ப நிகழ்ச்சி. "முகூர்த்தமே அமையாத வீடா இருக்கேப்பா உங்க வீடு" என்று முன்பெல்லாம் சிரிப்பார். இந்த முறை காரணத்தைப் படித்தார். பேனாவைத் தேடினார். கையெழுத்துப் போட்டார். சிரித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மச்சினன் வந்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவன். விரல் நுனிகளில் எப்போதும் வெள்ளைத் தூள். பின்னாலேயே மாமியார், ஒரு பை ஆரஞ்சோடு.

"இவன் தனியா வந்தா ரெண்டு பேரும் சாப்பிடாம உக்காந்திருப்பீங்க. நான் ஓரமா இருக்கேன். நீங்க பாட்டுக்குச் சுடுங்க" என்றார்.

மூன்று நிமிடம். இரண்டு. என் கால் ஆடியது. மச்சினன் அதன் மேல் கையை வைத்து அழுத்தினான்.

"மாமா, பூகம்பம் வந்துடப் போகுது."

பத்து மணி. திரை விழித்தது. அவன் கன்ட்ரோலரை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"முதல் பாகம் முடியறப்ப இது அக்கா கையில இருந்துச்சு. சட்டப்படி, அவ செத்தா அடுத்தது நீங்க..."

நிறுத்திக்கொண்டான். காது சிவந்துவிட்டது. மாமியார் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தார்.

"நீயே ஆடு" என்றேன்.

இரும்புக் கதவு. அதே பிடி. அவன் அழுத்தினான். கதவு முனகிக்கொண்டு திறந்தது. மேசை, இரண்டு தட்டு, கெண்டி.

"சமையல்கட்டா?" என்றான் அவன். "யாருமே ஜெயிக்கலையே! மூணு பேரும்தான் பாத்திரம் கழுவணும்!"

நான் வாயைத் திறக்க வேண்டும். 'அட' என்றாவது சொல்ல வேண்டும். அவன் மெதுவாக உள்ளே நடந்தான். தட்டுகளைப் பார்த்தான். கெண்டியைப் பார்த்தான். முதுகை ஃப்ரிட்ஜுக்குக் காட்டித் திரும்பினான்.

"டேய், இடது பக்கம்! ஃப்ரிட்ஜ் பின்னாடி!"

கத்தியது நான்தான்.

அவன் சட்டென்று திரும்பினான். அங்கே யாரும் இல்லை. ஒரு வினாடி, இரண்டு வினாடி. பிறகுதான் துப்பாக்கி முனை வெளியே வந்தது. மச்சினன் சுட்டான். அந்த ஆள் விழுந்தான். கெண்டி விசில் அடித்தது.

அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு கன்ட்ரோலரை மடியில் வைத்தான்.

"மாமா, நீங்க கத்தறப்ப அவன் இன்னும் வரவே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டெமோ விட்டாங்க. ஒரே ஒரு நாள்."

"எப்ப?"

நான் தேதியைச் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான். "அக்கா உள்ள இருந்தப்பவா?"

"ஆமா. ஆறு நிமிஷம். துணி எடுக்க வந்தப்ப."

"என்னது, என்ன டெமோ?" என்றார் மாமியார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆரஞ்சைத் தட்டில் வைத்தார்.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தேன்.

"அத்தை, அவ உங்களைப் பாத்துக்கச் சொல்லல. நானாச் சொன்னது அது."

மாமியார் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக.

"அவ அப்படிப் பேசற பொண்ணா மாப்பிள்ளை? பெத்தவளுக்குத் தெரியாதா? எட்டு மாசமா அது எனக்கு ஒட்டவே இல்ல. கேக்க நல்லா இருந்துச்சு, வெச்சுக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "நிஜமா என்னதான் சொன்னா?"

மச்சினனும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சோஃபாவில் அவள் உட்காரும் பக்கம் உட்கார்ந்தேன். அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"நான் இல்லாம அந்தக் கதவைத் திறந்துடாதடா. நீ திறந்தேன்னா எனக்குத் தெரிஞ்சிடும். உனக்கு வாய் சும்மா இருக்காது."