பத்து நிமிடம் நல்ல தண்ணீர்

படகு இன்ஜினின் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றியதும் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் சுண்டுவிரலால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். உப்புதான். ஆனால் அது அங்கே இருக்க வழியே இல்லை. நாற்பது நாளுக்கு முன், சீசன் முடிந்து வாடகைப் படகுகளைக் கரையேற்றியபோது, ஐந்து இன்ஜின்களையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி ஷெட்டுக்குள் மரத்தாங்கிகளில் மாட்டியவள் அவளேதான். மற்ற நான்கும் உள்ளே துடைத்துவிட்டாற்போல் இருந்தன. இந்த மூன்றாம் நம்பர் மட்டும் இப்படி.

“யார் சமையல் இது? உப்பு தூக்கலா இருக்கே,” என்றார் எட்டிப்பார்த்த பெயிண்டர்.

முதலாளி சிரிக்கவில்லை. “கழுவினியாம்மா?”

“கழுவினேன் முதலாளி.”

“அப்ப இது வானத்துலேருந்து கொட்டுச்சா?”

அவள் வாய் திறப்பதற்குள் படகு ஓட்டும் டிரைவர் அண்ணன் முன்னால் வந்தார். “விடுங்க முதலாளி. அன்னைக்கு அஞ்சையும் ஒத்த ஆளா கழுவினா. அவங்க அம்மா வேற ஆஸ்பத்திரியில கிடந்த நேரம். ஒண்ணு மறந்திருக்கும். மனுஷங்கதானே.”

“நடுக்கடல்ல பத்துப் பேரோட இன்ஜின் நின்னுச்சுன்னா, மறந்துட்டேன்னு சொன்னா சரியாயிடுமா?” முதலாளி கையை உதறினார். “திங்கக்கிழமையிலேருந்து இன்ஜினுக்கு வேற ஆள் வரட்டும். நீ பழையபடி டிக்கெட் ஜன்னல்ல உக்காரு.”

அவர் போன பிறகு அண்ணனை அவள் நன்றியோடுதான் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவள் கையில் முதன்முதலாக ஸ்பேனரைக் கொடுத்தவர் அவர்தான். இன்றைக்கும் தனக்காகப் பேச ஒருவர் இருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்தது.

ஷெட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தாள். இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஓடும்போது அது கடலையே உறிஞ்சி, உடம்புக்குள் சுற்றவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே துப்புகிறது. நிறுத்தியதும் தண்ணீர் வடிந்துவிடும், உப்பு தங்கிவிடும். அதனால்தான் தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல் இரண்டு ரப்பர் கிண்ணங்களைக் கவ்வவிட்டு, குழாயைத் திறந்து, பிறகு இன்ஜினை ஓட்டுகிறோம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்பது சூடு பட்டால் மட்டும் திறக்கும் குட்டிக் கதவு. இன்ஜின் சூடாகாமல் இரண்டே நிமிடம் ஓட்டி நிறுத்தினால், நல்ல தண்ணீர் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விடும். அவள் எப்போதும் இன்ஜினின் தலைப்பகுதியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்து, பத்து நிமிடம் ஓடவிடுவாள்.

அன்றைக்கும் அப்படிச் செய்தாளா? ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது நினைவிருந்தது. எந்த இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது வந்தது என்பது நினைவில்லை. அண்ணன் சொன்னதுபோல் மறந்துதான் போயிருக்குமோ? யோசிக்க யோசிக்கத் தன் கையின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போனது.

ஆனால் கைக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. கழுவி முடித்ததும் சுவிட்சைத் தொடமாட்டாள். பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக விக்கி விக்கி அடங்கும்வரை நிற்பாள். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் அப்போதுதான் வற்றும். வற்றாமல் விட்டால் மிச்சப் பெட்ரோல் கெட்டுப் பழுப்பாகிப் பிசினாய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, இவள் கழுவியிருந்தால் கிண்ணம் காலியாக இருக்க வேண்டும். மறந்திருந்தால் நாற்பது நாள் பழைய பெட்ரோல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கிண்ணத்தின் அடித் திருகை அரைச் சுற்று தளர்த்தினாள்.

சொட்டியது. அப்படியானால் மறந்துதான் போனாளா? பிறகு விரலில் ஏந்தி முகர்ந்தாள். பிசுபிசுப்பு இல்லை, பழுப்பு இல்லை. பெட்ரோல் பங்கில் இப்போதுதான் பிடித்ததுபோல் மூக்கில் ஏறியது. திருகை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். மற்ற நான்கு இன்ஜின்களின் மேலும் நாற்பது நாள் தூசி படிந்திருந்தது. மூன்றாம் நம்பர் மட்டும் பளபளத்தது. யாரோ ஈரத்துணியால் வெளியே அழகாகத் துடைத்திருக்கிறார்கள். உள்ளேயும் கழுவ வேண்டும் என்று தெரிந்த ஆள்தான். ஆனால் பூட்டிய ஷெட்டில் பத்து நிமிடம் இன்ஜினை அலறவிட்டால் சத்தம் காட்டிக்கொடுக்கும், மறுநாள் தரை ஈரமாக இருக்கும். அதனால் விட்டுவிட்டிருக்கிறார்.

ஷெட்டுக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவளிடம், மற்றது டிரைவர் அண்ணனிடம்.

காலையில் நன்றியோடு பார்த்த பார்வையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடியாதா என்றிருந்தது. ‘ஒண்ணு மறந்திருக்கும்.’ எத்தனை பரிவாகச் சொன்னார்.

அவளே போய் அவரைக் கூப்பிட்டு வந்தாள். ஒரு கண்ணாடி டம்ளரைத் திருகுக்கு அடியில் வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“நாலஞ்சு ஞாயித்துக்கிழமைதான் தங்கச்சி,” என்றார் மெதுவாக. “மச்சான் இன்ஜின் படுத்துடுச்சு. அவன் படகுக்குத்தான் மாட்டினேன். கேட்டா முதலாளி குடுப்பாரா, சொல்லு?”

“எடுத்தது போகட்டும்ணே. எங்கம்மாவை ஏன் இழுத்தீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “உன்னை மாத்துவாருன்னு நினைக்கலைம்மா. திட்டிட்டு விட்டுருவாருன்னு பாத்தேன். எனக்குன்னா சீட்டே கிழிஞ்சிடும். உனக்கு ஜன்னல் வேலையாவது இருக்குல்ல.”

வெளியே முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது.

“மூடிடு தங்கச்சி. வர்றாரு.”

அவள் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. முதலாளி வாசலில் வந்து நின்றார். “என்ன ரெண்டு பேரும் கூட்டம் போட்டிருக்கீங்க?”

“இதைப் பாருங்க முதலாளி. நான் கழுவிட்டு இந்தக் கிண்ணத்தை வத்தவச்சுத்தான் மாட்டுவேன். மறந்திருந்தா உள்ள நாப்பது நாள் கெட்டுப்போன பெட்ரோல் இருக்கணும். இதுல ரெண்டுமில்ல, புதுசு இருக்கு. நான் கழுவினதுக்கப்புறம் இது கடலுக்குப் போயிட்டு, கழுவாம திரும்பி வந்திருக்கு.”

திருகைச் சுற்றினாள். பெட்ரோல் மெல்லிய நூலாக இறங்கி டம்ளரில் விழுந்தது, அடியில் அழுக்குத் துளிகூட இல்லாமல், வாசல் வெளிச்சம் ஊடுருவித் தெரியும்படி.