எட்டு மில்லிக் காய்

போடிநாயக்கனூர்ப் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது: ஏலக்காய்த் தோட்ட முதலாளி உக்கிரபாண்டி அவர்கள், சென்ற ஆவணி மாதம் பதினோராம் தேதி, சத்தியப் பிரமாணத்தின் பேரில் பரம ஏழையாகிவிட்டார்.

அதற்கு முந்தின நாள் வரை மலை மேலே பதினெட்டு ஏக்கர் அவருடையது. விடிந்தபோது அது அவர் தாயார் மகாராணியம்மாளுடையது. மகன் அதில் காய் பறிக்கும் கூலியாள். மழை பெய்தால் அந்தக் கூலியும் கிடையாது. கோர்ட்டில் இப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.

இந்த வறுமைக்குக் காரணம் மகள் கார்த்திகா. பிளஸ் டூ முடித்தவளுக்குத் தேனியில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது. மாதம் முடிவதற்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். நாலு வருஷமாகப் புருஷனைப் பிரிந்து ராசிங்காபுரத்தில் பிறந்த வீட்டில் இருக்கும் அருணா, மகள் படிப்புக்குத் தகப்பன் பணம் தரவேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தாள்.

விசாரணையன்று உக்கிரபாண்டி ஜீப்பையும் டிரைவரையும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, செருப்பில்லாமல் நடந்து வந்தார். கிழிந்த சட்டை தோட்டத்து வாட்ச்மேனுடையது; தோளில் இறுக்கிப் பிடித்தது. வருமானம் பற்றிக் கேட்டபோதெல்லாம் குரல் உடைந்தது. பெற்ற பிள்ளைக்குச் செய்ய வக்கில்லாத பாவி என்று தன்னைத்தானே வைதுகொண்டார். ஜட்ஜய்யாவே ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அருணாவின் வக்கீல் பொன்னுமணிக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. பத்திரமெல்லாம் சுத்தம். அருணா அவர் காதருகே குனிந்தாள்.

"அக்கா, அந்தாளு காயை மட்டம்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

பொன்னுமணி எழுந்து, கூலி குறைச்சலாக இருப்பதில் ஆச்சரியமில்லை என்றார்; அந்தத் தோட்டத்துக் காய் சொத்தை, வெளிறிப்போனது, ஏலத்தில் யாரும் கையால்கூடத் தொடுவதில்லை என்று கேள்வி.

உக்கிரபாண்டியின் வக்கீல் கட்சிக்காரரின் வேட்டியைப் பிடித்து இழுத்தார். பிடி நழுவிவிட்டது.

"எவன் சொன்னான்? எங்காயி எட்டு மில்லி பருமன், கிளிப்பச்சை. போன வாரம் ஏலத்துல மொத வெலை என் லாட்டுக்குத்தான். எங்காத்தாவுக்கு ஏலச் செடி எது, இஞ்சிச் செடி எதுன்னே தெரியாது. பதினெட்டு ஏக்கரையும் நாந்தாய்யா பாக்குறேன். பில்லு வேணுமா? ஜீப்புல கெடக்கு, டிரைவரைக் கொண்டாரச் சொல்றேன்."

பில் வந்தது. படிப்புச் செலவு முழுவதையும் பத்து நாளுக்குள் கட்டச் சொல்லி உத்தரவும் வந்தது.

அன்று மாலை ஏல மையத்து வாசலில் வியாபாரிகள் உக்கிரபாண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கோர்ட்டிலேயே போடிக் காயின் மானத்தைக் காப்பாற்றியவர் என்று ஒருவர் துண்டு போர்த்தினார்.

"பொண்ணைச் சொன்னாக்கூடப் பொறுத்துக்கலாம் மாப்ளே, காயைச் சொல்ல விடலாமா?" என்றார் இன்னொருவர். உக்கிரபாண்டி அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் மதுரைக்குப் போய் மேல் கோர்ட்டில் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கினார்.

கார்த்திகா நர்சிங் சேரவில்லை.