நன்றி எழுதக் கூடாத குழு

அந்தக் குழுவில் யாரும் நன்றி எழுதக் கூடாது. எழுதினால் ஐந்து நிமிடத்துக்குள் அது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அழிக்கிற புண்ணியவானுக்குப் பெயர் ‘காது’.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அதை இப்போது சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. ஒரு பெரிய மருத்துவமனையின் நிலவறையில், நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் அவர் மெஷின் ஃபிட்டர். ஒரு ஆள் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளலாம் போன்ற ஆறு வாஷிங் மெஷின்களுக்கு நடுவே முப்பத்தொரு வருடம் ஓட்டியாயிற்று. வாசலில் நின்றே, மூன்றாவது மெஷினில் பின்பக்க பேரிங் போகிறது என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். அப்படிக் கிடைத்த பட்டம்தான் காது. மெஷின் பழுதுபார்க்கிறவர்களுக்காகக் கைப்பேசியில் அவர் ஒரு குழு தொடங்கியபோது பட்டமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

குழுவின் நடைமுறை எளிது. மெஷினில் கோளாறு என்றால் அதன் சத்தத்தைப் பத்து நொடி பதிவு செய்து போட வேண்டும். தெரிந்தவர்கள் கேட்டுவிட்டு, இது பெல்ட், இது கியர் என்று சொல்வார்கள். சரிசெய்து முடித்தவர் திரும்பி வந்து, மெஷின் ஒழுங்காக ஓடுகிற சத்தத்தை இன்னொரு பத்து நொடி போட வேண்டும். அதுதான் நன்றி. மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு, வழி சொன்னவருடைய பதிலின் கீழ் ஒரு கைதட்டு வைப்பார்கள். வேறு உபசாரம் எதுவும் கிடையாது.

“சரியானவனும் நன்றிங்கிறான், சரியாகாதவனும் கூச்சப்பட்டுக்கிட்டு நன்றிங்கிறான். அதைப் பாத்து மெஷின் ஓடுதா படுத்துதான்னு எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் பொய் சொல்லாது” என்பார் காது. பேச்சில் தப்பில்லை. ஆனால் மனிதர் எதையும் அளவோடு செய்யத் தெரியாதவர். கும்பிடுகிற கை, பூங்கொத்து, எல்லாவற்றையும் களையெடுத்தார். ஒருவர் தன் தையல் மெஷின் பிழைத்துக்கொண்டதையும், மகள் கல்யாணத்துக்கு அதிலேயே தைத்ததையும் உருகி உருகி அரைப் பக்கம் எழுதினார். சத்தம் போட மறந்துவிட்டார். அரைப் பக்கமும் போயிற்று.

இன்னொரு விதியும் இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே போய்ச் சேரும். ‘தனியாக அழைத்து யோசனை சொல்கிறவர்களை நம்பாதீர்கள், உதிரிபாகம் விற்க வருவார்கள். எதுவானாலும் குழுவில், எல்லோர் முன்னாலும்.’ இதுவும் நல்ல விதிதான்.

இப்படிப்பட்ட குழுவுக்கு ஒரு வியாழக்கிழமை ஒரு ரொட்டிக்கடைக்காரம்மா வந்து சேர்ந்தாள். கடை திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மாவு பிசைகிற மெஷின் ஒன்றே ஒன்று, அதுவும் பழையது. ‘தப்தப்’ என்று அடிக்கிற சத்தத்தைப் போட்டிருந்தாள். காது ஒரு தரம்தான் கேட்டார். பெல்ட் தளர்ந்திருக்கிறது, புதிது மாற்றுங்கள் என்றார். மறுநாள் அவளிடமிருந்து பெரிய நன்றி வந்தது. அழித்தார். போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, பாவம், அவள் மறுபடி எழுதினாள். அதையும் அழித்தார். மூன்றாவது தரம் எழுதியபோது எல்லோர் முன்னாலும் ஒரு பிடி பிடித்தார். ‘உங்கள் நன்றியை வைத்து நான் என்ன செய்ய? சத்தத்தைப் போடுங்கள்.’

சனிக்கிழமை சத்தம் வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. ‘அடிக்கிற சத்தம் போய்விட்டது. லேசாகக் கீச்சென்று வருகிறது, பரவாயில்லையா ஐயா?’

காது கேட்டார். இன்னொரு முறை கேட்டார். தப்தப் இல்லை. மோட்டார் சீராக உறுமுகிறது. கீச்சு எங்கே? கைப்பேசியை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார். அங்கேயும் இல்லை. எனக்குக் கேட்கவில்லையே என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். காது என்று பட்டம் வாங்கியவர் அதை எப்படி எழுதுவார்? ‘புது பெல்ட் அப்படித்தான். இரண்டு நாளில் அடங்கிவிடும். ஓட்டுங்கள்’ என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் அதற்கு முப்பத்தேழு கைதட்டு விழுந்திருந்தது. அவருக்கே மனசு நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. துவைத்த துணிகளை மனைவி கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குழுவில் வந்த சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். வாரத்துக்கு ஒரு முறை அவருக்கு அது கச்சேரி. ரொட்டிக்கடை மெஷின் முறை வந்ததும் மனைவியின் முகம் சுளித்தது.

“நிறுத்துங்க அதை, பல்லு கூசுது.”

“எதுக்குக் கூசுது? நல்லாத்தானே ஓடுது?”

“எது நல்லா ஓடுது? கீச்சுன்னு கத்துதே, காதுல விழலையா உங்களுக்கு?”

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். வாசல் மணி அடித்தால்கூட அவர் காதில் விழுவதில்லை என்று நாலைந்து மாதமாக அவள் நச்சரிப்பது வழக்கம். ‘ஊருக்கெல்லாம் கேக்குற காது, வீட்டுக்கு மட்டும் கேக்காது’ என்பாள். கவனம் வேறெங்கோ இருந்தது என்று அவர் சமாளிப்பார்.

“சரி, திரும்பப் போடறேன். கத்துறப்போ விரலைத் தூக்கு. நின்னதும் இறக்கு.”

போட்டார். முதல் நொடியிலேயே அவள் ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். பத்து நொடியும் இறக்கவே இல்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கேட்காத சத்தம் எதுவென்று அவருக்கு நன்றாகவே தெரியும், ஆயிரம் முறை கேட்ட சத்தம்தானே. புது பெல்ட்டை அளவுக்கு மேல் இழுத்துக் கட்டியிருக்கிறாள், அந்த இழுப்பில் மோட்டார் பேரிங் எண்ணெய் வற்றி அலறுகிறது. நிறுத்தாமல் ஓட்டினால் மோட்டார் கருகும், சுற்றிலும் மாவு பறக்கிற இடத்தில் நெருப்பும் பிடிக்கும். ஓட்டுங்கள் என்று சொன்னது யார்? இவர்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, ரொட்டிக்கடையில் மெஷின் மூச்சு விடக்கூட நிற்காது.

குழுவில் இருந்த எண்ணுக்கு உடனே அழைத்தார். தனியாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்ற கணக்கும் அதில் இருந்தது, மறைப்பானேன். நாலாவது முறை எடுத்தாள். பின்னால் மெஷின் ஓடுவது கேட்டது, சீரான உறுமல் மட்டும்.

“அம்மா, மெஷினை உடனே நிறுத்துங்க. மோட்டார் பேரிங் போகுது.”

“யாருங்க நீங்க?”

“நான்தாம்மா காது.”

அவள் சிரித்தாள். “நேத்து ஒரு அம்மா தனியாக் கூப்பிட்டு இதையேதான் சொன்னாங்க, பேரிங்னு. இன்னைக்கு நீங்க. எத்தனை பேருய்யா பேரிங் விக்கக் கிளம்பியிருக்கீங்க? ஓட்டுங்கன்னு காது ஐயாவே எழுதியிருக்காரு. முப்பத்தேழு பேரு கைதட்டியிருக்காங்க.”

“நான்தாம்மா எழுதினேன். தப்பா எழுதிட்டேன்.”

“அப்ப குழுவுல வந்து சொல்லுங்க. அதான் விதி. அவருகிட்ட ஒருதரம் திட்டு வாங்கினது போதும்” என்று வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தால் எடுக்கவில்லை.

தன் கையால் கட்டிய வேலியில் தன் வேட்டியே மாட்டிக்கொண்டது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்கிற நிலையில் காது கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இருநூறு பேர் பார்க்கப் போகிறார்கள். அதில் சலவைக்கூடத்து மேலாளரும் ஒருவர். காது போன ஃபிட்டரை வேலையில் வைத்திருப்பாரோ மாட்டாரோ. ஆனால் அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுதினார். ‘ரொட்டிக்கடை அம்மா, மெஷினை உடனே நிறுத்துங்கள். மோட்டார் பேரிங் போகிறது. நான் சொன்னது தவறு. அந்தக் கீச்சு எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது.’ கடைசி வரியை ஒரு முறை அழித்தார். இத்தனை நாள் அடுத்தவர் எழுதியதை அழித்த விரல், தன்னுடையதையும் சுலபமாகவே அழித்தது. அந்த வரி இல்லாவிட்டால் அவள் நம்ப மாட்டாள் என்று திரும்ப எழுதி அனுப்பினார்.

மூன்று நிமிடம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. ‘நிறுத்திட்டேன். மோட்டாரைத் தொட முடியல, கருகுன வாடை. பக்கத்துலயே காலி மாவுச் சாக்கு அடுக்கி வெச்சிருந்தேன்.’

அதற்குப் பிறகு குழுவில் ஒரு சத்தமும் இல்லை. கேலிக்குக் காத்திருந்தார். கேலி வரவில்லை, ‘வைண்டிங் அக்கா’வின் அழைப்புதான் வந்தது. மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கடை வைத்திருப்பவள் அவள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள், பட்டப்பெயர் அக்கா என்பதால் அவரும் அக்கா என்றே கூப்பிடுவார்.

“அண்ணே” என்றாள். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

“நேத்து அந்தம்மாவைக் கூப்பிட்டது நீதானேக்கா?”

“ஆமாண்ணே. நம்பல.”

“உனக்குக் கேட்டுச்சு. அப்புறம் ஏன் கைதட்டின?”

“எல்லாருக்கும்தான் கேட்டுச்சு. தனியாச் சொல்லிக்கலாம்னு நான் தட்டினேன், நான் சொல்லியிருப்பேன்னு நினைச்சு மத்தவங்களும் தட்டிட்டாங்க. எப்பவும் அப்படித்தானே பண்றோம்.”

“எப்பவுமா?”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவளிடமிருந்து கறக்க முடிந்தது. நாலு மாதமாக இது நடக்கிறது. கீச்சுச் சத்தம் உள்ள எந்தப் பதிவுக்கும் காது சொல்கிற வழி தவறிப் போகிறது. கேட்டவரை யாராவது தனியாகக் கூப்பிட்டுச் சரியான வழியைச் சொல்லிவிடுவார்கள். பழைய ஆட்கள், ஒருவரை ஒருவர் தெரியும், நம்பிவிடுவார்கள். மெஷின் ஓடியதும் அந்தச் சத்தத்தைப் போட்டு, காது சொன்னதுதான் சரி என்று எல்லோரும் கைதட்டிவிடுவார்கள். இருநூறு பேர் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரம்மா புதிது. அவளுக்கு விதி மட்டும்தான் தெரியும்.

“தப்புன்னா முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதுதானே? என்னைப் பைத்தியக்காரனாக்கி வேடிக்கை பாத்தீங்களா?”

“வேடிக்கை இல்லண்ணே. எனக்கு வேலை கத்துக் குடுத்தவரு செத்தப்புறம், ஒரு சந்தேகம் கேக்கக்கூட ஆள் இல்லாம முழிச்சேன். இந்தக் குழு இல்லேன்னா கடையை மூடியிருப்பேன். ஒவ்வொருத்தனுக்கும் இப்படி ஒரு கதை இருக்கு. அதுக்கெல்லாம் உங்களுக்கு எப்படிண்ணே நன்றி சொல்றது? எழுதினாத்தான் அழிச்சிடுறீங்களே.”

அவர் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“உங்க நன்றி இன்னைக்கு ஒரு கடையைக் கொளுத்தியிருக்கும்.”

“தெரியுதுண்ணே. நாங்க பண்ணினது தப்புதான்.”

“எத்தனை மெஷின் இப்படி?”

“பதினாலு. தடதடன்னு வர்றது எல்லாம் இப்பவும் நீங்க சொல்றதுதான் சரி. கீச்சு மட்டும்தான் நாங்க.”

“எதை யார் சரிபண்ணினாங்கன்னு குழுவுல எழுது. ஒண்ணு விடாம.”

“வேணாண்ணே, விடுங்க.”

“எழுதுக்கா. அந்தக் கைதட்டெல்லாம் என்னோடது இல்ல.”

மத்தியானத்துக்குள் பட்டியல் வந்தது. காது முதலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு பதிவாகத் தேடி எடுத்து, தன் பதிலை அழித்து, அந்த இடத்தில் உண்மையில் வழி சொன்னவரின் பெயரை எழுதி, அதற்கு ஒரு கைதட்டு வைத்தார். தண்ணீர் பம்ப், அச்சு மெஷின், பல் டாக்டர் நாற்காலி. ஒவ்வொன்றின் பழைய சத்தத்தையும் போட்டுப் பார்த்தார். எல்லாமே அவர் காதுக்குச் சுத்தமாக ஓடின. மனைவி மட்டும் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தாள்.

பதினாலும் முடிந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“வலிக்குதா?” என்று கேட்டாள்.

அவள் உதடு அசைந்ததைப் பார்த்தாரே தவிரச் சத்தம் சரியாக விழவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் கேட்டதுபோல் தலையாட்டிவிடுவார். இன்றைக்கு ஆட்டவில்லை.

“கேக்கல” என்றார். “பக்கத்துல வந்து சொல்லு.”