அவள் கணக்கில் ஏழு

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு வந்து கேமராவை என் கையில் கொடுத்தார் என் கணவர்.

"ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. என்னை எடுத்து ரோலை முடிச்சுடு."

"இந்தக் கோலத்துலயா? மீதியையும் வழிச்சுட்டு வாங்க."

"உனக்குப் பிடிச்ச பாதியை மட்டும் எடு, அம்மணி."

சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். அவர் ஃபிலிமைச் சுற்றி எடுத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, மீதிப் பாதியையும் மழித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பதினொரு மணிக்கு ஏதோ ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், மூச்சு வாங்குகிறது என்று கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

முப்பது வருடமாக எல்லோரையும் படம் எடுத்த மனிதருக்கு, அடையாள அட்டையில் முறைத்துப் பார்க்கிற முகம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மற்றது அந்த டப்பாவுக்குள் இருந்தது.

எங்கள் வீட்டில் ஃபிலிம் கழுவுவது சமையலறையை ஒட்டிய சாமான் அறையில். இருட்டில் கையால் தடவித் தடவி ஃபிலிமைச் சுருளில் ஏற்றி, வெளிச்சம் புகாத டேங்குக்குள் வைத்து மூடிவிடுவார். அப்புறம் விளக்கைப் போட்டு, மருந்தை ஊற்றலாம். அங்கேதான் என் வேலை ஆரம்பம். கல்யாணமான புதிதில் வீட்டுக் கடிகாரத்தில் வினாடி முள் இல்லை. "நீ எண்ணேன்" என்றார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒன்றிலிருந்து அறுபது வரை சத்தமாக எண்ணுவேன். ஒவ்வொரு அறுபதுக்கும் அவர் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துவார். ஏதோ ஒரு கட்டத்தில் "போதும்" என்பார். எத்தனை அறுபது ஆனது என்று நான் கவனித்ததே இல்லை. பின்னால் வீட்டுக்கு நாலு கடிகாரம் வந்தும் என்னைத்தான் கூப்பிடுவார். "அதுக்கு பேட்டரி போடணும். உனக்கு ஒரு காப்பி போதும்."

இரண்டு மாதம் டப்பாவைத் திறக்காமலே இருந்தோம்.

"ஸ்டுடியோவுல குடுத்துடலாம்மா" என்றாள் மகள். "நம்ம கையால கெட்டுப்போனா திரும்ப வராது."

"அவங்க கையால கெட்டுப்போனா மட்டும் வருமா?"

அவளுக்கு அப்பாவைப் போலவே விரல். கதவிடுக்கில் போர்வையைத் திணித்துக்கொண்டு உள்ளே போனாள். "சிக்கிக்கிச்சு... சனியனே... ஆ, ஏறிடுச்சு" என்று குரல் மட்டும் வந்தது. பிறகு விளக்கு எரிந்தது.

அவர் தானே கலந்து, பாட்டிலின் வாய்வரை நிரப்பி, இறுக மூடி வைத்திருந்த ஃபிலிம் கழுவுகிற மருந்து. பாட்டிலில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அவர் கையெழுத்தில் இரண்டே விஷயம்: 'அவள் – 7'.

"யாரும்மா இந்த அவள்? எனக்குத் தெரியாம ஒரு சின்னம்மா இருக்காளா?"

"வாயிலயே போடுவேன். வேலையைப் பாரு."

மகள் போனில் ஏழு நிமிடம் வைத்தாள். பாட்டில் மூடியைத் திருகப்போன என் கை அந்த 'அவள்' மேல் நின்றது.

"இரு. நான் ஒருதடவை அறுபது எண்ணுறேன். அதுல பாரு."

எண்ணி முடித்ததும் போனைத் திருப்பிக் காட்டினாள். அறுபத்தொன்பது வினாடி.

"அம்மா! நீ நொண்டி அடிக்கிறே!"

இருபது வரை சரியாகத்தான் போகிறேன். அதற்கு மேல் நாற்பத்தேழு, ஐம்பத்தெட்டு என்று ஒவ்வொன்றுக்கும் வாய் நிறைய நேரம் வேண்டியிருக்கிறது. பாதியை விழுங்கி எண்ண எனக்கு வராது. அவருக்கு இது தெரிந்திருக்கிறது. முப்பது வருடமாக என்னைத் திருத்தாமல், தன் கணக்கைத் திருத்தி வைத்துக்கொண்டிருக்கிறார். போனின் ஏழு நிமிடத்தை நம்பியிருந்தால் ஃபிலிமில் அவர் முகம் வெளிறிப்போயிருக்கும்.

"சரி, அறுபத்தொன்பதை ஏழால பெருக்கி போன்லயே வெச்சுடுறேன்."

"வேண்டாம். நீ மருந்தை ஊத்து."

எண்ணினேன். ஐந்தாவது அறுபதில், முப்பத்து மூன்றோடு எண்ணிக்கையை நிறுத்தி மூக்கை உறிஞ்சினேன். மகள் டேங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அழணும்னா அழு. எண்ணிக்கையை விட்டுடாதே."

மூக்கைத் துடைத்துக்கொண்டு முப்பத்து நான்கு என்றேன்.

ஏழாவது அறுபதில் நானே "போதும்" என்றேன். அடுத்த மருந்தும் அலசலும் முடிந்தபின், ஈரச் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசிப் படத்தில் அவர் இருந்தார். நெகட்டிவ் அல்லவா, நுரை கறுத்திருந்தது. ஒரு நரைகூட இல்லாத தலை முழுக்க வெளுத்திருந்தது. பிரேமுக்குள் பாதி அல்ல, முழு முகமும் இருந்தது. கையில் ரேசர்.

துணி மாட்டுகிற கிளிப்பால் கொடியில் தொங்கவிட்டோம்.

அதற்கப்புறம் மகள் சாமான் அறையில் வினாடி முள் வைத்த கடிகாரம் ஒன்றை வாங்கி மாட்டினாள். போன வாரம் அதன் எதிரே நின்று ஒன்றிலிருந்து அறுபது வரை எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொன்பதுதான்.