மாதம்மாளின் விலை

1987 ஆவணியில், மலையூரான ஜமுனாமரத்தூரின் மளிகைக் கடையில், மாதம்மாளின் விலை சுழியமானது. உடனே அவள் தரையைவிட்டு எழும்பி உத்தரத்தில் தலை முட்டி நின்றாள். பத்து மணி பதினொரு நிமிடம் என்று கல்லாப்பெட்டியின் சீட்டில் அச்சாகியிருக்கிறது.

அதற்குப் பத்து மாதம் முன்பு வேலூரிலிருந்து மின்னணுக் கல்லாப்பெட்டி வந்தது. அதுவரை மரக்கல்லாவின் சாவி கெங்கம்மாளின் இடுப்பில் இருந்தது. புதிய சாவியை அவள் கணவன் சக்கரவர்த்தி, எட்டாவது படித்தவள் என்று தம்பி மனைவி மாதம்மாளிடம் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து கெங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஓரகத்தியின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றாள். சாவி நேராக நின்றால் எந்திரம் விலையைச் சொல்லும். இடப்பக்கம் திருப்பினால் விலையைக் கேட்டுக்கொள்ளும். எண்ணை அழுத்தி, பிறகு சரக்கின் பொத்தானை அழுத்தினால், மறுபடி மாற்றும்வரை மறக்காது. பொத்தானின் கண்ணாடி மூடிக்கு அடியில் சரக்கின் பெயர்ச்சீட்டு. இரண்டாவது சாமை, மூன்றாவது புளி, நான்காவது தேன். முதல் பொத்தான் காலி. படியால் அளக்கும்போது முதல் படியை யாரும் ஒன்று என்பதில்லை, லாபம் என்பார்கள். அதனால் மாதம்மாள் அதில் சரக்கு வைக்கவில்லை.

அவள் சாவியை விட்டுவிட்டுப் புளி நிறுக்கப் போன நேரத்தில், கெங்கம்மாள் அந்தக் காலிப் பொத்தானில் 'மாதம்மாள்' என்று எழுதிச் செருகி, சாவியை இடப்பக்கம் திருப்பி, சுழியத்தையும் பிறகு அந்தப் பொத்தானையும் அழுத்தினாள்.

நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. அமிர்தியிலிருந்தும் செங்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் மாதம்மாளை அண்ணாந்து பார்த்தார்கள். சக்கரவர்த்திகூட அண்ணாந்துதான் அவளிடம் சரக்கின் விலை கேட்டான். மூன்றாம் நாள் கெங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சாவியைத் திருப்பிப் பத்து ரூபாய் வைத்தாள். மாதம்மாள் ஒரு சாண் இறங்கினாள்.

"பத்தா? நான் இன்னா புளியாக்கா?"

"கம்முனு எறங்குடி."

"ஏத்துங்கக்கா."

இருபது. நாற்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் கெங்கம்மாளுக்கு வயிறு எரிந்தது. எந்திரம் ஏற்பது நான்கு இலக்கம்தான். தொண்ணூற்றொன்பது ரூபாய் தொண்ணூற்றொன்பது காசுக்கு மாதம்மாள் தரைக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றாள்.

"இதுக்கு மேல மிஷின்ல எடமில்ல" என்றாள் கெங்கம்மாள்.

அந்த விரற்கடை அப்படியே நின்றுவிட்டது. மலையில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. மாதம்மாளின் செருப்பு தேய்வதே இல்லை என்பதை மட்டும், வருடந்தோறும் தனக்குப் புதுச்செருப்பு வாங்கும் நாளில், கெங்கம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டாள்.