முதுகில் இல்லாத தகடு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, என் அக்காவுடையது. அவள் அரசு வழக்கறிஞர். நோயாளிகளை ஏமாற்றும், கவனிக்காமல் போட்டுவிடும் மருத்துவமனைகள் மேல் வழக்கு நடத்துவது அவள் வேலை. வீட்டில் வழக்கைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, என் சமையலறை வாசலில் நின்றபடி, "ஏன்டா, நான் ஜெயிச்சது சரிதானா?" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்து என்னைத் திட்டியிருக்கிறாள். என்னிடம் எதையும் கேட்டதில்லை. பதில் தெரியாததால் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரி: "அந்த மருத்துவர் ஓர் அரக்கன்." அடித்துவிட்டேன். அக்கா சொன்ன ஆள் அப்படி இல்லை. மெல்லப் பேசுவாராம். நீதிமன்ற வாசலில் அக்கா வந்தால் ஒதுங்கி வழிவிடுவாராம்.

இரண்டாவது: "வலி என்பது உண்மையில் எங்கே இருக்கிறது என்றால்..." இதை முடிக்க என் படிப்பு போதாது.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவர், முதுகுவலிக்காரர்களின் முதுகெலும்பில் தகடும் திருகும் பொருத்தியதாகச் சொல்லி அரசுக் காப்பீட்டில் பணம் வாங்கினார். உண்மையில் தோலைக் கீறித் தைத்து அனுப்பினார். வலி தீராதவர்கள் புகார் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் அவர்கள் வேறு இடங்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டுவிட்டார்கள். முதலில் உள்ளே என்ன இருந்தது, என்ன இல்லை என்று இனி யார் நிரூபிப்பது?

புகாரே கொடுக்காத ஒருவர்தான் வேறெங்கும் போகாமல் இருந்தார். சலூன்காரர். விசாரணைக்காக எடுத்த எக்ஸ்ரேயில் அவர் முதுகு பிறந்தபோது இருந்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதைச் சொல்ல அக்காவே அவர் கடைக்குப் போனாள்.

3

அவர் ஒருவருக்குத் தாடையில் நுரை பூசிக்கொண்டிருந்தார்.

"அந்த டாக்டரைத் தப்பாப் பேசாதீங்க மேடம். தெய்வம்.* நாள் பூரா நிக்கிறேன். இங்க பாருங்க!" என்று குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டார். "உள்ள இரும்பு இருக்கு. சும்மாவா?"

(இந்த இடத்தில் அக்கா கொஞ்சம் தயங்கினாள் என்று எழுதியிருந்தேன். போனில் படித்துக் காட்டியபோது, "தயங்கவே இல்ல. சாட்சிகிட்ட மறைக்க முடியுமா?" என்றாள். சற்று நேரம் கழித்து, "தயங்கியிருக்கணுமோ?" என்றாள். அந்த வரியை வைப்பதா எடுப்பதா, தெரியவில்லை.)

"நீங்க நினைக்கிற மாதிரி உள்ள ஒண்ணுமே இல்லீங்க. தகடும் இல்ல, திருகும் இல்ல. எக்ஸ்ரேல பார்த்தாச்சு."

சலூன்காரர் சிரித்தார். நுரைமுகக்காரரும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் சலூன்காரரின் கை மெல்லப் பின்னால் போய் இடுப்பைத் தடவியது. பக்கத்திலிருந்த காலி நாற்காலியில், வாடிக்கையாளருக்கான நாற்காலியில், உட்கார்ந்துவிட்டார்.

* பிறகு சாட்சிக் கூண்டிலும் இதே சொல்லைச் சொன்னார். தன் தரப்புச் சாட்சி என்பதால் அக்காவால் ஆட்சேபிக்கவும் முடியவில்லை.

4

சில நாளில் அவர் மனைவி அக்காவின் அலுவலகத்துக்கு வந்தார்.

"ஓடியாடிக்கிட்டிருந்த மனுஷன் மேடம். இப்போ செருப்பு மாட்டி விடவே நான் வேணும்."

"வேற டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினோம். முதுகுல ஒரு குறையும் இல்லைன்னுட்டார். இவர் நம்பினாத்தானே? எந்த டாக்டர் நிஜம் சொல்றான்னு கேக்கறார்." அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். எக்ஸ்ரே மாறிப்போச்சு, தகடு உள்ளதான் இருக்குன்னு. நீங்க சொன்னா நம்புவார்."

அக்காவுக்கு வாய்வரை வந்துவிட்டதாம். சொன்னால் அவர் எழுந்துகொள்வார், வழக்கு படுத்துக்கொள்ளும். புகார் கொடுத்த மற்றவர்கள்?

"முடியாதும்மா."

அந்தம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்கிறாள் அக்கா.

5

சாட்சி சொல்ல வந்தபோது சலூன்காரர் கையில் தடி. நீதிபதி நாற்காலி போடச் சொன்னார். மருத்துவரின் வக்கீல் குழைந்து குழைந்து கேட்டார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் வலி இருந்துச்சா?"

"துளிகூட இல்லீங்க."

"அப்புறம் எப்போ வந்துச்சு?"

அவர் அக்காவைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லையாம். மன்னிப்புக் கேட்கிற பார்வையாம். "மேடம் கடைக்கு வந்தாங்கல்ல, அன்னிக்கு."

யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டாள். ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே இன்னும் விளங்கவில்லை.

மருத்துவருக்குச் சிறைத் தண்டனை. தீர்ப்பன்று தாழ்வாரத்தில் சலூன்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து அவளை நிறுத்தினார்.

"கேஸ்தான் முடிஞ்சிருச்சே மேடம். இப்பவாவது சொல்லுங்க. நிஜமாவே உள்ள ஒண்ணும் இல்லையா?"

"அடுத்த கேஸ் கூப்பிடறாங்க," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.

யாரும் கூப்பிடவில்லை.

6

கதை இங்கே நின்றுவிட்டது. முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அக்கா "இருக்கு" என்கிறாள். அவர் தடியைப் போட்டுவிட்டு நடக்கிறார். சினிமா.

இன்னொன்றில் "இல்ல" என்கிறாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு... இதற்குமேல் மனசு வரவில்லை.

மூன்றாவதில் இப்படிச் சொல்கிறாள்: "ஒண்ணும் இல்லீங்க. இத்தனை நாள் உங்களை நிக்க வெச்சது உங்க முதுகேதான். யார் தயவும் இல்ல." எழுதியதும் எனக்கே என்மேல் சந்தேகம். தாழ்வாரத்தில் நின்றுகொண்டு யார் இவ்வளவு கோவையாகப் பேசுவார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தபோது மூன்றையும் படித்தேன். மூன்றாவதில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இது எனக்குத் தோணவே இல்லையேடா."

"நான் சும்மா எழுதினது அக்கா. இதைச் சொன்னா அவருக்குச் சரியாகும்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல." பையை எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை சலூன் இருக்கும்ல?"

"சலூன் இருக்கும். அவர் தொறந்திருக்கணுமே?"

அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை. போனால் இருப்பதைத்தான் எழுத வேண்டும், போகாவிட்டால் பொய்யைத்தான் எழுத வேண்டும். இரண்டில் எது அவருக்கு நல்லது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆகையால் நீங்கள் போங்கள். அக்கா இப்போது அந்தத் தெருவில் திரும்பியிருப்பாள். கடை திறந்திருந்தால் அவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், அவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.