டெனிசனின் தொண்டை தேறிய விதம்

தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று, இரண்டாவது சரணத்தில், டெனிசனின் தொண்டை அவனைக் கைவிட்டது. மேலே ஏறிய குரல் பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்ததுபோல ஒரு கீச்சலோடு இறங்கியது. பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, நல்ல மனுஷி, கைப்பையிலிருந்து பனங்கற்கண்டை எடுத்து நீட்டினார். சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டான், அந்தப் பனங்கற்கண்டைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் தங்கை ஜெர்சி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"கல்யாணப் பூசைல நற்கருணைப் பாட்டு எங்கண்ணன்தான் பாடும்னு நா சொல்லிகினு கீறேன். அவுங்க வூட்ல ஆர்க்கெஸ்ட்ரால பாடுற ஆளு ஒருத்தரு கீறாராம், இட்டாந்துடறோம்ன்றாங்க. இன்னா சொல்லட்டும்?"

"நா பாடறேன்னு சொல்லு."

"நேத்து பாடுனியே, அந்த மாரியா?"

"அது சளி."

"சளி இல்லண்ணா. பிரஸ் ஷாப்."

அவள் சொன்னது சரிதான். ஒரகடத்தில் கார்க் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. பத்து பிரஸ்கள் ஒன்றாக இடிக்கும் இடத்தில் பக்கத்து ஆளிடம் "தள்ளி நில்லு" என்று சொல்வதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். டெனிசன் அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவன் ஜோக்கும் சொல்வான். அதையும் கத்தித்தான் சொல்வான். யார் காதிலும் சரியாக விழாத ஜோக்குகளுக்காகவே பாதித் தொண்டையைச் செலவழித்திருந்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் பாட்டு சொல்லித்தரும் அம்மா ஒருவரிடம் போய் நின்றான். என்றைக்கு வர முடியும் என்று கேட்டார். "இந்த வாரம் சாயங்காலம், அடுத்த வாரம் காலைல, அதுக்கடுத்த வாரம் ராத்திரி மேடம்" என்றான். "தம்பி, சங்கீதத்துக்கு ஷிஃப்ட் கெடையாது" என்று அனுப்பிவிட்டார்.

ஆக, பாட்டு வகுப்பு கைபேசிக்குள்தான் என்று முடிவாயிற்று. அதில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தபடி கம்பெனி பஸ்ஸில் உதடுகளைப் 'புர்ர்ர்' என்று அதிரவிட்டான். முன் சீட்டுக்காரர் பிடரியைத் துடைத்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போனார். கேன்டீனில் மோர் டம்ளருக்குள் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று குமிழி விட்டான்.

"மச்சான், மோரு கொதிக்குதா?" என்றான் பக்கத்து பிரஸ்ஸில் நிற்கும் சாம்சன்.

டெனிசன் இன்னொரு குமிழி விட்டான். பிரஸ் லைனில் கத்துவதையே நிறுத்திவிட்டு, எதற்கும் கைஜாடைதான். சூப்பர்வைசர் பரசுராமனுக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னாப்பா, மௌன விரதமா? வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிகினியா? நீங்கல்லாம் அங்க வருவீங்களா?"

டெனிசன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். அன்று சாயங்காலத்துக்குள் அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று ஷாப் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கேன்டீனில் அவனுக்கு மட்டும் சோற்றைக் குழைத்துக் கொடுத்தார்கள். உண்மையை விளக்க எத்தனை ஜாடை வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் சாப்பிட்டான்.

கத்தாத வாய் பாட ஆரம்பித்தது. தகடு இடிக்கும் சத்தத்துக்கு நடுவே, காதில் இயர் பிளக்கோடு, கல்யாணப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினான். முதல் நாளே திடுக்கிட்டான். குரல் உருண்டு திரண்டு, பெரிய கோயிலில் மணி அடித்ததுபோலக் கேட்டது. அவன் பாட்டுக்கு அவனுக்கே புல்லரித்தது. இந்தச் சாரீரத்தை வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் கதவுத் தகடு அடித்தோம் என்று வருத்தப்பட்டான். வீட்டுக்கு வந்ததும் ஜெர்சியைக் கூப்பிட்டு, "அந்த ஆர்க்கெஸ்ட்ராக்காரர சாப்பாட்டுக்கு மட்டும் வரச்சொல்லு" என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் காலியானதும் ஒத்திகை. கீபோர்டில் பாடகர் குழுவின் சாம்ராஜ். கடைசி பெஞ்சில் டெனிசனின் மனைவி கிரேசி. டெனிசன் கண்ணை மூடி, உருகி, ஒரு சரணம் முழுக்கப் பாடிவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"ஆரம்பிக்கலாமாண்ணே?" என்றான் சாம்ராஜ்.

"பாடிட்டேன்டா!"

சாம்ராஜ் கீபோர்டின் சத்தத்தைக் குறைத்து, இன்னொரு தரம் பாடவைத்துக் கேட்டுவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தான். கடைசி பெஞ்சிலிருந்து கிரேசி எழுந்து வந்தாள்.

"எங்கங்க பிராக்டிஸ் பண்ணீங்க?"

"லைன்ல."

"அப்போ காதுல அந்த ரப்பரு இருந்துச்சா?"

"அது இல்லாம உள்ள வுடமாட்டானே."

கிரேசி இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்றாள். அவள் முகம் மலர்ந்தது. "ஐய! எனக்கே பெரிய பாடகி மாரி கேக்குது!"

சாம்ராஜும் அடைத்துப் பார்த்தான். டெனிசனும் அடைத்தான். பெருக்க வந்த உலகம்மாள், பீடத்துக்கு முன்னால் மூன்று பேர் காதைப் பொத்திக்கொண்டு முனகுவதைப் பார்த்து, துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவ்வளவு நாள் கேட்ட கோயில் மணி அவன் மண்டைக்குள் மட்டுமே அடித்திருக்கிறது. "மண்ட காலியா இருந்தா எதிரொலி ஜோரா வருமாம்" என்று, வேறு யாரும் சொல்வதற்குள் அவனே சொல்லிக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து ஜெர்சியின் எண்ணைத் தேடினான்.

"இன்னா பண்றீங்க?"

"அந்தாளையே வரச்சொல்லிடலாம். இன்னொரு தபா அவ மானம் போவக் கூடாது."

"இருங்க. உங்க குரலு சின்னதாத்தான் கீது. ஆனா அன்னிக்கு உடஞ்ச ஒசரத்துல இன்னிக்கு உடயல. கவனிச்சீங்களா?"

டெனிசன் கவனிக்கவில்லை. புல்லரிப்பில் இருந்தான்.

"ஆமாண்ணே," என்றான் சாம்ராஜ். "கீபோர்ட கொறச்சப்பறம் கேட்டேன். சுருதி சுத்தமா கீது. மைக்க வாய்கிட்ட வச்சா போதும்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் டெனிசன் கேட்டிருப்பான். பாடகர் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து மைக்கை ஓரம் தள்ளிவிட்டுப் பாடுகிறவன் அவன். வெளியே பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது என்று யாராவது சொன்னால்தான் பாடிய திருப்தி வரும். மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு பாடுகிறவர்களை அவன் அடித்த கிண்டலுக்கு அளவே இல்லை. அப்படிப் பாடிய ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார்.

"கல்யாணத்துல கத்தணுமா, பாடணுமா?" என்றாள் கிரேசி. "பஸ் ஸ்டாப்ல நிக்கறவனுக்கா கல்யாணம்?"

டெனிசன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான். சாம்ராஜ் மைக் ஸ்டாண்டை இழுத்து வந்தான்.

"இன்னும் கிட்ட வாண்ணே. கடிக்காது."

கல்யாணத்தன்று நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஜெர்சி முன்னால் முழங்காலில் இருந்தாள். பாடகர் குழு அவளுக்குப் பின்பக்கம். டெனிசன் மைக்குக்கு அருகில் போய், பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற அளவுக்குத்தான் குரலை விட்டான். அது ஒலிபெருக்கிகளிலிருந்து இறங்கிக் கோயில் முழுக்க மெதுவாகப் பரவியது. அவனுக்கே அது வேறு ஆளின் குரலாகத் தோன்றியது.

முதல் வரி முடிவதற்குள் ஜெர்சி முக்காட்டோடு திரும்பிப் பார்த்தாள். மணப்பெண் திரும்பக் கூடாதுதான். அவள் கண் பாடகர் குழுவில் யாரையோ தேடியது. கடைசியில் மைக்கை ஒட்டி நிற்கும் அண்ணனிடம் வந்து நின்றது. நடந்ததை விளக்க அது நேரமில்லை. பாடிக்கொண்டே புருவத்தை உயர்த்தி, நான்தான் என்று காட்டினான். இரண்டாவது சரணத்தில் குரல் மேலே போனது, அங்கே தேவையான அளவு நின்றது, சத்தமில்லாமல் இறங்கியது.

வரவேற்பில் அவன் மேடையேறியபோது ஜெர்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அந்தாளயே இட்டாந்துட்டியோன்னு நெனச்சிட்டேன்ணா."

"அந்தாளு அளவுக்கா இருந்துச்சு?"

"சேச்சே. அவரு இன்னும் நல்லா பாடுவாராம்." அவள் கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, கொஞ்சம் நகருங்க. லைன் நிக்குது," என்றார் போட்டோகிராபர்.

டெனிசன் நகரப் பார்த்தான். ஜெர்சி கையை விடவில்லை.

"இன்னொரு போட்டோ எடுங்க," என்றாள்.